குடலைக் கழுவத் தேவையில்லை: பெருங்குடல் நலம் காக்கும் வழிகள்

கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் பேருந்து நிலையச் சுவர்களிலும் கைப்பேசித் திரைகளிலும் ஒரே செய்தி விதவிதமாகச் சொல்லப்படுகிறது. குடலுக்குள் பழைய மலம் ஆண்டுக்கணக்கில், கிலோக்கணக்கில் ஒட்டிக்கிடக்கிறது என்றும், அதிலிருந்து கசியும் நஞ்சே தலைவலி, முகப்பரு, தொந்தி, அசதி எல்லாவற்றுக்கும் காரணம் என்றும், குறிப்பிட்ட பொடியையோ கஷாயத்தையோ குடித்தால், அல்லது ஆசனவாய் வழியே குழாய் வைத்துத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டால், எல்லாம் கழிந்துவிடும் என்றும் விளம்பரங்கள் கூறுகின்றன. பணம் வீணாவது மட்டுமே இதன் விளைவு என்றால் இவ்வளவு விரிவாக எழுத வேண்டியிருக்காது. சர்க்கரை நோயாளிகளும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் வீட்டிலேயே பேதிக்குக் குடித்துவிட்டு மயங்கி விழுகிறார்கள். மலத்தில் இரத்தம் போவதை உடம்புச் சூடு என்று எண்ணி, கழிவு நீக்கப் பொடியிலேயே மாதங்களைக் கடத்துகிறார்கள். அவர்களை நினைத்தே இதை எழுதுகிறேன்.

உள்ளே உண்மையில் நடப்பது

நாம் உண்ணும் உணவு ஏறத்தாழ 6 மீட்டர் நீளமுள்ள சிறுகுடலில் செரித்து, அதன் சத்தில் பெரும்பகுதி அங்கேயே உறிஞ்சப்பட்டுவிடுகிறது. எஞ்சிய நாரும் உப்பும் தண்ணீரும் சுமார் ஒன்றரை மீட்டர் நீளமுள்ள பெருங்குடலுக்கு வருகின்றன. பெருங்குடல் அந்தக் கூழிலிருந்து தண்ணீரை மெல்ல மெல்ல இழுத்துக்கொண்டு, மீதியைக் கெட்டிப்படுத்தி, பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நாள்களுக்குள் வெளியே தள்ளிவிடுகிறது. அதன் உட்சுவரை மூடியிருக்கும் செல்கள் சில நாள்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாகின்றன. அவற்றின்மேல் வழுவழுப்பான சளிப்படலம் ஓயாமல் சுரந்து நகர்கிறது. சுவரே ஒரு வாரத்திற்குள் புதிதாகிவிடுகிறது என்றால், ஆண்டுக்கணக்கில் அதில் எது ஒட்டிக்கிடக்க முடியும்? கொலனோஸ்கோப்பி செய்யும் மருத்துவர்கள் குடலின் உட்புறத்தை நாள்தோறும் கேமரா வழியே பார்க்கிறார்கள். முதல் நாள் மாலை மருந்து கலந்த தண்ணீரைக் குடித்துவிட்டு வந்தவரின் குடல் இளஞ்சிவப்பாக, பளபளப்பாக இருக்கிறது. விளம்பரப் படங்களில் வரும் கரிய படிவம் எதுவும் அங்கே இல்லை.

இரண்டு நாள் பட்டினி கிடந்த பிறகும் மலம் வந்தது, ஆகவே அது பழைய அழுக்குதான் என்று வாதிடுவோர் உண்டு. மலத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு தண்ணீர். மீதமுள்ள திடப்பொருளில் உணவின் நார் ஒரு பகுதிதான். குடலில் வாழும் பாக்டீரியாக்களும் உதிர்ந்த செல்களும் அதில் பெரும் பங்கு வகிக்கின்றன. எனவே ஒன்றும் உண்ணாதவருக்கும் மலம் உண்டாகவே செய்யும்.

இந்த நச்சுக் கொள்கை நம் ஊரில் பிறந்ததும் அல்ல. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரான்சில் பூஷார் என்ற மருத்துவர், குடல் கழிவு உடலுக்கே நஞ்சாகிறது என்ற கருத்தைப் பரப்பினார். லண்டனில் ஆர்பத்நாட் லேன் என்ற புகழ்பெற்ற அறுவை மருத்துவர் மலச்சிக்கலுக்காகவே நோயாளிகளின் பெருங்குடலை வெட்டி எடுத்தார். 1919-இல் அமெரிக்க மருத்துவர் ஆல்வரெஸ் இக்கொள்கையை மறுத்து எழுதினார். மலச்சிக்கலால் வரும் தலைபாரமும் எரிச்சலும் மலம் கழிந்த சில நிமிடங்களில் நீங்கிவிடுகின்றன. நஞ்சு இரத்தத்தில் கலந்திருந்தால் அது அவ்வளவு விரைவில் அகலாது. ஆகவே பெருங்குடலின் கடைசிப் பகுதியான மலக்குடல் விரிந்து அழுத்துவதே அந்தத் தொல்லைகளுக்குக் காரணம் என்பது அவர் வாதம். மலக்குடலில் வெறும் பஞ்சை அடைத்துப் பார்த்த சோதனையிலும் அதே தொல்லைகள் தோன்றின. நூறாண்டுக்கு முன்பே மருத்துவ உலகம் கைவிட்ட கொள்கை இன்று புதுப் பெயருடன் விற்பனைக்கு வந்திருக்கிறது.

சிலர் கழிவு நீக்கப் பொடி சாப்பிட்ட பிறகு கயிறு போன்ற, ரப்பர் போன்ற ஒன்று வெளிவந்ததைப் படம் பிடித்துக் காட்டுகிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அது வந்தது உண்மைதான். ஆனால் அது எதனால் ஆனது என்பதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். அரை டம்ளர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி இசப்கோல் உமியைப் போட்டுக் கலக்கி, பத்து நிமிடம் விட்டுவிடுங்கள். தண்ணீர் முழுவதையும் உறிஞ்சி ஊதிப்போய், கரண்டியால் தூக்கினால் வழுக்கிக்கொண்டு வரும் கெட்டியான கூழ் கிடைக்கும். அத்துடன் பென்டோனைட் என்னும் களிமண்ணும் சேர்ந்தால் அது இன்னும் இறுகும். இத்தகைய பொடிகள் பலவற்றில் இவ்விரண்டுமே முக்கியச் சரக்கு. வாங்கிக் குடித்த பொடியே கயிறாகத் திரண்டு வெளியே வருகிறது.

விளக்கெண்ணெயும் குடற்புழு மாத்திரையும்

பள்ளி திறப்பதற்கு முன் பிள்ளைகளைக் காலையில் எழுப்பி விளக்கெண்ணெய் கொடுப்பது நம் வீடுகளின் பழைய வழக்கம். இதை மூடத்தனம் என்று தள்ள எனக்கு மனமில்லை. வெறுங்காலுடன் மண்ணில் விளையாடி, திறந்தவெளியில் மலம் கழித்த காலத்தில் பிள்ளைகளின் வயிற்றில் புழு இருப்பது சாதாரணமாக இருந்தது. பாட்டிகளின் கைமருந்து அது. இன்று ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும், 1 முதல் 19 வயது வரையுள்ளோருக்கு அங்கன்வாடிகளிலும் பள்ளிகளிலும் அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் மாத்திரை இலவசமாகத் தரப்படுகிறது. இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்குப் பாதி மாத்திரை. அதைத் தவறாமல் போட்டுவிட்டால், வழக்கத்தின் நோக்கம் வயிற்றுப்போக்கின் துன்பமில்லாமலே நிறைவேறிவிடுகிறது.

விளக்கெண்ணெய் கொடுக்கவே கூடாத நிலைகளை வீட்டில் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கு அது கருப்பையைச் சுருங்கச் செய்யக்கூடும். காரணம் தெரியாத வயிற்றுவலிக்கு, அதிலும் தொப்புளைச் சுற்றித் தொடங்கி வலப்பக்க அடிவயிற்றுக்கு இறங்கும் வலிக்கு, எந்தப் பேதி மருந்தும் தரக்கூடாது. அது குடல்வால் அழற்சியாக (அப்பெண்டிசைட்டிஸ்) இருந்தால், பேதி மருந்தின் வேகத்தில் குடல்வால் வெடித்து, உயிருக்கே ஆபத்தாகலாம். வாயு பிடித்திருக்கிறது, ஒருமுறை போனால் சரியாகிவிடும் என்று சொல்லிக் கொடுத்துவிடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. வயிற்றுவலியுடன் காய்ச்சலோ வாந்தியோ இருந்தால் ஒன்றும் கொடுக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

கழுவுவதால் வரும் தீங்கு

ஆசனவாய் வழியே பல லிட்டர் தண்ணீரைச் செலுத்தும் சிகிச்சையில் குடல் கிழிபடலாம். உடலின் சோடியம், பொட்டாசியம் அளவு குலைந்து இதயத் துடிப்பு தடுமாறலாம். கருவி சரியாகத் தூய்மை செய்யப்படாவிட்டால் ஒருவரின் கிருமி அடுத்தவருக்குச் செல்லலாம். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 1978 முதல் 1980 வரை ஒரே சிகிச்சை நிலையத்தில் இவ்வாறு குடல் கழுவிக்கொண்டவர்களில் குறைந்தது 36 பேருக்கு அமீபா தொற்று ஏற்பட்டது. அவர்களில் 10 பேருக்குப் பெருங்குடலை வெட்டி எடுக்க நேர்ந்தது, அந்தப் பத்துப் பேரில் 6 பேர் இறந்தனர். அமீபா தொற்று நம் பகுதியிலும் உள்ளது என்பதால் இந்தக் கணக்கை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆசனவாய் வழியே காபியைச் செலுத்தும் காபி எனிமாவால் இருவர் உயிரிழந்தது குறித்து 1980-இல் சியாட்டில் நகர மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

வெறும் வயிற்றில் உப்புத் தண்ணீரைச் சொம்பு சொம்பாகக் குடித்துக் கழியவைக்கும் யோகப் பயிற்சி இரத்த அழுத்தம், இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு ஏற்றதல்ல. பேதி உப்பில் உள்ள மக்னீசியத்தைப் பழுதான சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாது. இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர் பேதிக்கும் குடித்துப் பட்டினியும் கிடந்தால் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்துவிடும். வலிப்பு, இரத்த அழுத்தம், கருத்தடை ஆகியவற்றுக்கான மாத்திரைகள் உறிஞ்சப்படும் முன்பே கழிந்துவிடலாம்.

உடல் இளைக்க விற்கப்படும் டீடாக்ஸ் தேநீர்களில் பலவற்றில் இருப்பது நிலாவரை இலை. நம் திருநெல்வேலிப் பக்கம் விளைந்து உலகெங்கும் போகும் நல்ல மலமிளக்கி அது. தேவைப்படும்போது சில நாள் எடுப்பதில் தவறில்லை. ஆனால் அது வேலை செய்வது பெருங்குடலில். உணவின் சக்தி அதற்கு முன்பே சிறுகுடலில் உறிஞ்சப்பட்டுவிட்டதால், எடை பார்க்கும் கருவியில் குறைவது தண்ணீர்தான். மறுநாள் அது திரும்பி வந்துவிடும்.

நாள்தோறும் செய்ய வேண்டியவை

எது இயல்பு என்பதில் முதலில் தெளிவு வேண்டும். நாளுக்கு மூன்று முறை போவதும் வாரத்திற்கு மூன்று முறை போவதும் இரண்டுமே இயல்பின் எல்லைக்குள் அடங்கும். காலையில் ஒருமுறை போகாவிட்டால் நாளே கெட்டது என்று வருந்தி முக்குவதே பலருக்கு மூல நோயைக் கொண்டுவருகிறது. மலத்தின் தன்மையைப் பாருங்கள். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகர மருத்துவர்கள் 1997-இல் வெளியிட்ட அட்டவணை மலத்தை ஏழு வகையாகப் பிரிக்கிறது: முதல் வகை ஆட்டுப்புழுக்கையாக உருண்டு வருவது, ஏழாவது வெறும் தண்ணீர். நீளமாக, மென்மையாக, முக்காமல் வெளிவரும் மூன்றாம், நான்காம் வகைகளே நாம் விரும்ப வேண்டியவை.

அதற்கு முதல் தேவை நார்ச்சத்து. வளர்ந்தவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தீட்டிய வெள்ளை அரிசி 100 கிராமில் இருப்பது 3 கிராமுக்கும் குறைவு. மூன்று வேளையும் சோறும் இட்லியும் தோசையுமாக 350 கிராம் அரிசி உண்பவருக்கு அதிலிருந்து 10 கிராம்தான் தேறும். மைதாவில் செய்த பரோட்டாவும் புதுச்சேரி பேக்கரி ரொட்டியும் இந்தக் குறையைத் தீர்க்கப் போவதில்லை. அதே வீட்டில் ஒரு நாளை இப்படி மாற்றிப் பார்க்கலாம்: காலையில் 50 கிராம் கேழ்வரகு மாவில் கூழ், அதில் ஐந்தரை கிராம் நார், மதியம் 150 கிராம் அரிசிச் சோற்றுடன் ஒரு கிண்ணம் தண்டுக்கீரையும் சாம்பாரும், எல்லாம் சேர்ந்து 11 கிராம் அளவில், மாலையில் 50 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்து அவித்த சுண்டலில் ஏறத்தாழ 12 கிராம், ஒரு கொய்யாப்பழத்தில் 8 கிராம். கூட்டினால் 36 கிராமைத் தாண்டுகிறது. இதில் விலையுயர்ந்தது எதுவும் இல்லை. எல்லாமே உழவர் சந்தையில் கிடைப்பவை. கம்பங்கூழ், முருங்கைக்கீரை, அவித்த மல்லாட்டை (நிலக்கடலை) ஆகியவையும் இதே வேலையைச் செய்யும். பண்ருட்டிப் பலாச்சுளையைப் பருவத்தில் ஆசைதீரச் சாப்பிடலாம். ஆயினும் நாரைப் பொறுத்தவரை கொய்யாவுக்கு அது பாதிகூட வராது.

நாரை ஒரே நாளில் கூட்டினால் வயிறு உப்பி, வாயு பிரிந்து, இது நமக்கு ஒத்துவராது என்று மறுநாளே விட்டுவிடுவீர்கள். இரண்டு மூன்று வாரங்களில் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். அதற்கேற்பத் தண்ணீரும் வேண்டும். கடலோரப் புழுக்கத்தில், அதிலும் அக்னி நட்சத்திர நாள்களில், வெளியே வேலை செய்பவர்களுக்கு வியர்வையாகவே பெருமளவு நீர் போய்விடுவதால், சிறுநீர் வெளிர்மஞ்சளாகப் போகும் அளவுக்கு மோரும் நீராகாரமும் தண்ணீரும் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். இதயச் செயலிழப்பு, சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்கள் மட்டும் மருத்துவர் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது. நாரின் ஒரு பகுதியைக் குடல் பாக்டீரியாக்கள் நொதிக்கவைத்து பியூட்டிரேட் என்ற அமிலத்தைத் தருகின்றன. பெருங்குடல் செல்களுக்கு அதுவே முதன்மையான எரிபொருள். கழுவி வெளியேற்றச் சொல்லும் இடத்தில் வாழும் அந்த நுண்ணுயிர்கள் நமக்குச் சோறு போடுபவை.

அடுத்தது அடக்காமல் இருப்பது. இதைப் பற்றி யாரும் போதிய அளவு பேசுவதில்லை. விடியும் முன்பே கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் மீன் எடுத்து, ஊருக்குள் கொண்டுபோய் நண்பகல் வரை விற்கும் பெண்களை எண்ணிப் பாருங்கள். வழியில் கழிப்பறை இல்லை என்பதற்காகக் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல், வரும் உணர்வையும் அடக்கிக்கொண்டு இருக்கிறார்கள். ஜவுளிக்கடையில் நிற்கும் பெண்களும், பள்ளிக் கழிப்பறைக்குப் போக அருவருக்கும் மாணவிகளும் செய்வது இதையேதான். அடக்க அடக்கப் பெருங்குடல் தண்ணீரை மேலும் மேலும் உறிஞ்சி மலத்தைக் கல்லாக்குகிறது. நாளடைவில் மலக்குடலின் உணர்வே மங்கிவிடுகிறது. குழந்தைகளிடம் இது வேறு வடிவில் தெரியும்: கெட்டிப்பட்ட மலத்தைச் சுற்றி நீர்த்த மலம் கசிந்து உள்ளாடையில் படும். அதை வயிற்றுப்போக்கு என்று எண்ணி நிறுத்தும் மருந்து கொடுத்தால் நிலைமை மோசமாகும். படுக்கையில் இருக்கும் முதியவர்களுக்கும் இதுவே பொருந்தும்.

வேலை நேரத்தை மாற்ற முடியாதவர்கள் குடலின் நேரத்தையாவது தம் வசதிக்குப் பழக்கலாம். வயிற்றில் உணவு விழுந்ததும் பெருங்குடல் அசையத் தொடங்குவது இயற்கை. தூங்கி எழுந்து உண்ணும் முதல் உணவுக்குப் பின் அந்த அசைவு வலுவாக இருக்கும். ஆகவே புறப்படுவதற்கு அரை மணி நேரம் முன்பு எதையாவது உண்டு, வெந்நீரோ காபியோ குடித்து, பத்து நிமிடம் அவசரமின்றி உட்காருங்கள். கைப்பேசியை வெளியே வைத்துவிட்டுச் செல்லுங்கள். நெடுநேரம் உட்கார்ந்திருப்பது ஆசனவாயின் இரத்தக்குழாய்களைப் புடைக்கவைக்கும். குந்தி உட்காரும்போது மலக்குடலின் வளைவு நேராகி, முக்காமல் வெளிவருகிறது. முழங்கால் வலியால் மேற்கத்தியக் கழிப்பறைக்கு மாறியவர்கள், சுமார் முக்கால் அடி உயரமுள்ள சிறிய முக்காலியின்மேல் கால்களை வைத்து முன்னால் சாய்ந்தால் ஏறக்குறைய அதே பலன் கிடைக்கும். நடைப்பயிற்சியும் குடலை அசைய வைக்கும். நாளுக்கு அரை மணி நேரம் போதும்.

இவ்வளவுக்குப் பிறகும் மலம் இறுகினால் இசப்கோலைப் பயன்படுத்தலாம். ஒரு தேக்கரண்டியை முழு டம்ளர் தண்ணீரில் கலந்து, கெட்டியாகும் முன் குடித்து, மேலும் ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். தண்ணீர் குறைந்தால் தொண்டையிலேயே அடைத்துக்கொள்ளும் என்பதால் விழுங்கச் சிரமப்படுவோருக்கு இது வேண்டாம். மற்ற மாத்திரைகளுக்கும் இதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகள், டிரமடால் போன்ற வலிமருந்துகள், சில இரத்த அழுத்த மருந்துகள் ஆகியவை மலச்சிக்கலை உண்டாக்கும்; தைராய்டு சுரப்புக் குறைவும் அப்படியே. காரணம் மாத்திரையாக இருந்தால் அதை நீங்களாக நிறுத்தாமல், எழுதித் தந்த மருத்துவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள்.

மழைக்காலத்தில்

2011 டிசம்பரில் தானே புயலும் 2024 நவம்பரில் ஃபெஞ்சல் புயலும் இந்தக் கரையைத் தாக்கியபோது கண்டதுபோல், வெள்ளம் சூழ்ந்தால் சாக்கடை நீரும் குடிநீரும் கலந்துவிடும் ஆபத்து உண்டு. அந்நாள்களில் தண்ணீரைக் கொதிக்கவைத்தே குடியுங்கள். வயிற்றுப்போக்கு வந்தால், குடல் சுத்தமாகிறது, போகட்டும் என்று விடக்கூடாது. போவது உடலின் தண்ணீரும் உப்பும். ஒரு லிட்டர் பொட்டலம் ஓஆர்எஸ் பொடியை, கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் முழுவதுமாகக் கலந்து, அடிக்கடி சிறிது சிறிதாகக் கொடுத்து, ஒரு நாளுக்குமேல் மீந்ததைக் கொட்டிவிடுங்கள்.

மருத்துவரிடம் செல்ல வேண்டிய நேரம்

மலத்தில் இரத்தம், தார் போன்ற கரிய மலம், காரணமின்றி எடை குறைதல், இரத்தசோகை, பல வாரங்களாக மாறிப்போன மலப்பழக்கம், தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு: இவற்றில் ஒன்று இருந்தாலும் மருந்துக்கடையில் கேட்டு வாங்கிச் சாப்பிடாதீர்கள். வயிறு உப்பி, வாந்தி எடுத்து, வாயுவும் பிரியவில்லை என்றால் அன்றே, அந்த நேரமே செல்ல வேண்டும். மூலம், பவுத்திரம், அறுவையின்றி உடனடித் தீர்வு என்ற சுவரொட்டிகளை நம்பி இரத்தப்போக்குக்கு மாதக்கணக்கில் மருந்து போட்டுக்கொள்வதே என்னை மிகவும் வருத்துகிறது, ஏனெனில் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோயும் தொடக்கத்தில் இதே இரத்தமாகத் தெரியக்கூடும். பெற்றோருக்கோ உடன்பிறந்தாருக்கோ அந்நோய் வந்திருந்தால், 40 வயதிலோ அவருக்கு நோய் கண்டறியப்பட்ட வயதுக்குப் பத்தாண்டு முன்போ, இரண்டில் எது முந்தியதோ அப்போது கொலனோஸ்கோப்பி செய்துகொள்வது பற்றிக் கேளுங்கள்.

கடலூரில் மஞ்சக்குப்பம் அரசுத் தலைமை மருத்துவமனையிலும், சிதம்பரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், புதுச்சேரியில் கதிர்காமம் அரசு மருத்துவக் கல்லூரியிலும் கோரிமேடு ஜிப்மரிலும் இதற்குக் காட்டலாம். செல்லும்போது எடுத்துக்கொள்ளும் எல்லா மாத்திரைகளையும் நாட்டு மருந்துகளையும் அட்டையோடு கொண்டுபோங்கள். இரும்புச்சத்து மாத்திரை மலத்தைக் கருப்பாக்கும், பீட்ரூட் சிவப்பாக்கும் என்பதால் கடைசி சில நாள்களில் உண்டதையும் சொல்லுங்கள். இரத்தம் மலத்தோடு கலந்து வந்ததா, பின்னால் சொட்டியதா, வலி இருந்ததா என்பதை ஒரு தாளில் எழுதிவைத்திருப்பது நல்லது. விரலால் ஆசனவாயைப் பரிசோதிப்பது ஒரு நிமிட வேலை. இரத்தம் போகிறது என்று சொன்ன பிறகும் அது நடக்கவில்லை என்றால், "பரிசோதித்துச் சொல்லுங்கள், டாக்டர்" என்று நீங்களே கேட்கலாம். பெண்கள் பெண் மருத்துவரையோ, செவிலியர் ஒருவர் உடனிருப்பதையோ தயங்காமல் கேட்டுப் பெறலாம்.